யார் காசில் இந்தக் காந்தம்?

குப்பை லாரிகளின் டீசல் குழாயில் காந்தம் மாட்டும் தீர்மானத்தை நம் நகர்மன்றம் நிறைவேற்றியே விட்டது. கேள்வி கேட்ட ஓரிரு உறுப்பினர்களுக்குக் கிடைத்த ஒரே பதில், ‘சோதனை ஓட்டத்தில் பலன் தெரிந்தது’ என்பதுதான்.

அந்தச் சோதனையின் லட்சணத்தைப் பார்ப்போம். காந்தம் விற்க வந்தவரின் ஆட்களே அதை மாட்டினார்கள்; மைலேஜ் கணக்கையும் அவர்களே எழுதினார்கள். மாட்டிய அன்றே லாரிக்கு ஏர் ஃபில்டர் மாற்றி, டயர்களுக்குக் காற்றும் பிடித்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஒர்க்‌ஷாப் பக்கமே போகாத வண்டிக்கு இவ்வளவும் செய்தால் டீசல் மிச்சமாகாமல் என்ன செய்யும்? கணக்கெடுக்கிறார்கள் என்று தெரிந்த டிரைவரும் ஆக்ஸிலேட்டரைப் பூப்போலத்தான் மிதித்திருப்பார். காந்தம் இல்லாத இன்னொரு லாரியை அதே தடத்தில், அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்தார்களா? இல்லை. காந்தத்தைக் கழற்றிவிட்டு அதே லாரியை மறுபடி ஓட்டினார்களா? அதுவும் இல்லை. இதற்குப் பெயர் சோதனையாம்!

எரிபொருள் மூலக்கூறுகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கிடக்கின்றன, காந்தம் அவற்றைப் பிரித்து முழுதாக எரிய வைக்கும் என்கிறது விற்பனைத் தாள். பெட்ரோலும் டீசலும் ஹைட்ரோகார்பன்கள். காந்தம் அவற்றைச் சீண்டுவதே இல்லை. சரியாக ஓடும் இன்ஜினில் டீசல் ஏற்கெனவே ஏறக்குறைய முழுதாக எரிந்துவிடுகிறது. வீணாவதில் பெரும்பங்கு சூடு; அது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 100-க்கும் மேற்பட்ட ‘சிக்கனக் கருவி’களை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டும் ஒன்றைக்கூடக் காணவில்லை. (வண்டியில் காந்தத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஆயில் வடிக்கும் போல்ட்டில் இருந்தால் இரும்புத்தூளைப் பிடித்து வைக்கும். அதோடு சரி.)

1996-ல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோலைப் பார்த்து வாய்பிளந்த மாநிலம் இது. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்ததையும் பார்த்தோம். அதற்குப் பிறகும் எரிபொருள் அதிசயம் என்றவுடன் கருவூலத்தைத் திறக்கிறார்கள் என்றால் இதை அறியாமை என்று விட்டுவிட முடியுமா?

இவர்களுக்கு இது முதல் முறையும் அல்ல. கொசுவை ஒழிக்க வாங்கிய புகை இயந்திரங்கள் கிடங்கில் துருப்பிடிக்கின்றன. கொசு மட்டும் சுகமாக இருக்கிறது. பேட்டரி குப்பை வண்டிகளுக்கு ஆடம்பரமாகக் கொடியசைத்தார்கள். சார்ஜ் போட இடம் வேண்டும் என்பது விழா முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எதற்காவது யாராவது பதில் சொன்னார்களா? வாங்கும்போது காட்டும் அவசரத்தில் பாதியைப் பராமரிப்பில் காட்டியிருந்தால் இன்று காந்தத்துக்குத் தேவையே வந்திருக்காது.

இனியாவது எதையும் வாங்குமுன் விவரம் தெரிந்தவர்களைக் கேட்க ஒரு வழி செய்யட்டும். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்கிறார்கள். ஆகாமலே இருக்கட்டும்.