ஐநூறு ரூபாயில் மீதி 92 ரூபாய் 90 காசு

கொஞ்சம் நீளமான பதிவு. வங்கி பற்றியது என்று நகர்ந்துவிடாதீர்கள். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, தொடக்கப் பள்ளியில் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவன். இதிலும் அந்தக் கழித்தல் கணக்குதான் வருகிறது.

போன வாரம் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள், இப்போது பிளஸ் டூ. "கல்லூரிக்குப் போனா மாசம் ஆயிரம் ரூபா வருமாமே சார், அதுக்கு அந்தப் பழைய பேங்க் கணக்கையே குடுக்கலாமா, இல்ல அதுலயும் புடிச்சிருவாங்களா?" என்று கேட்டார். புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்கிறார். அவர் கேட்டது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. காரணம், அந்தக் கணக்கைத் திறந்துகொடுத்தவன் நான்.

2016-இல் பெண் குழந்தைகளுக்கான ஊக்கத்தொகை 500 ரூபாய் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். தாய்மார்களை அழைத்துப்போய், படிவத்தை நானே பூர்த்தி செய்தேன். அந்தக் கிளையில் கொடுத்தது சாதாரண சேமிப்புக் கணக்குப் படிவம். இருப்பே வைக்கத் தேவையில்லாத அடிப்படைக் கணக்கு என்று தனியாக ஒன்று உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது. அவர்களும் சொல்லவில்லை. வங்கியின் பெயர் வேண்டாம், விடுங்கள்.

500 ரூபாய் வந்தது. நான் ஓய்வுபெறும் சமயத்தில் அந்த அம்மா பாஸ்புக்கை நீட்டினார். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு 100 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 118. இப்படி மூன்று காலாண்டு. குறுஞ்செய்திக் கட்டணம் காலாண்டுக்கு 17 ரூபாய் 70 காசு, அதுவும் மூன்று முறை. மொத்தம் 407 ரூபாய் 10 காசு. மீதி 92 ரூபாய் 90 காசு. "அபராதம் விதிக்கப் போகிறோம்" என்று முன்கூட்டியே தகவலும் அனுப்பியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாத அந்தச் செய்திக்கும் சேர்த்துத்தான் 17.70.

அன்றிலிருந்து, வெளிநாட்டில் இருக்கும் உறவினர், பழைய மாணவர் யார் பேசினாலும் "உங்க ஊர் பேங்கில் என்ன பிடிக்கிறான்?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே இதைக் கேட்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

சிங்கப்பூரில் பி.ஓ.எஸ்.பி. சாதாரண சேமிப்புக் கணக்கில் மாதச் சராசரி இருப்பு 500 டாலருக்குக் கீழே போனால் 2 டாலர் பிடிக்கிறார்கள். அந்த ஊர்ச் சம்பளத்துக்கு அது கடையில் குடிக்கும் ஒரு காபிக் காசு.

லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகன் "எனக்கு ஒரு பைசா பிடிப்பதில்லை சித்தப்பா" என்றான். உண்மைதான், அங்கே சாதாரணக் கணக்குக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் கணக்கில் பணம் தீர்ந்து கடனுக்குள் இறங்கினால் ஆண்டுக்குச் சுமார் 40 சதவீத வட்டி. ஆக, அவனுடைய இலவசத்துக்கான செலவில் ஒரு பங்கை, மாதக் கடைசியில் கையைப் பிசைகிற எவனோ ஒருவன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அமெரிக்காவில் இது இன்னும் அப்பட்டம். பெரிய வங்கிகளில் மாதத்துக்கு 12 முதல் 15 டாலர் கட்டணம் உண்டு. சம்பளம் நேராகக் கணக்கில் விழுந்தாலோ, நல்ல இருப்பு இருந்தாலோ தள்ளுபடி. இருப்புக்கு மேல் 4 டாலர் செலவானாலும் 35 டாலர் வரை பிடிக்கும் வங்கிகள் இருக்கின்றன. பெரிய வங்கிகளில் இதை 5 டாலராகக் குறைக்க 2024 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். நடைமுறைக்கு வருவதற்குள், 2025-இல் அவர்களுடைய நாடாளுமன்றமே அதை ரத்து செய்துவிட்டது.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மாணவன் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அங்கே பல வங்கிகளில் கணக்குப் பராமரிப்புக்கென்று மாதம் சில யூரோ வாங்குகிறார்கள். வெளிப்படையாகவே வாங்குகிறார்கள். ஆனால் 2021 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டணத்தை உயர்த்துகிறோம் என்று கடிதம் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளும் விதி செல்லாது என்றது. பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் மக்களுக்கு வழி பிறந்தது. அது போக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உன்னிடமிருந்து இந்த ஆண்டில் எதற்கெதற்கு எவ்வளவு பிடித்தோம் என்று ஒவ்வொரு வங்கியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இலவசமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

நம் ஊரில் விதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறைகிற தொகைக்கு ஏற்பத்தான் அபராதம் இருக்க வேண்டும், அபராதத்தால் மட்டுமே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது. பாரத ஸ்டேட் வங்கி 2020-இல் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தையே எடுத்துவிட்டது. 2025-இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவையும் எடுத்தன. நல்லது. ஆனால் 2019-20 முதல் ஐந்து ஆண்டுகளில் அரசு வங்கிகள் இந்த வகையில் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். மக்களவையில் அரசே சொன்ன கணக்கு. இருப்பு வைக்க முடியாதவர்களிடமிருந்து, இருப்பு வைக்க முடியாததற்காக வாங்கிய பணம்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் நண்பர் இதற்குச் சண்டைக்கு வருவார். "வங்கி என்ன தர்மசத்திரமா ஓய்? கிளை வாடகை, ஊழியர் சம்பளம், ஏடிஎம் செலவெல்லாம் யார் தருவது?" என்பார். நியாயமான கேள்வி. நானும் ஓசியில் கேட்கவில்லை. செலவு இருக்கிறதென்றால் மாதம் 5 ரூபாயோ 10 ரூபாயோ எல்லோரிடமும் ஒரே மாதிரி, சொல்லிவிட்டு வாங்கட்டும். நானும் கட்டுகிறேன், லட்சக்கணக்கில் வைத்திருப்பவரும் கட்டட்டும். பணம் வைத்திருப்பவனுக்கு இலவசம், இல்லாதவனுக்கு அபராதம் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சித்திரை பிறந்ததும் ஒரே ஒரு தாள், தமிழில், பிடித்தது எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு, பாஸ்புக்கோடு கொடுக்கட்டும். கட்டணத்தை ஏற்றினால், நேரில் சொல்லிச் சம்மதம் வாங்கட்டும்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இருக்கிற கணக்கையே இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மாதம் நான்கு முறை பணம் எடுக்கக் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படிக் கணக்கு இருந்தால் நீங்களும் கேளுங்கள். ஒரு பக்க விண்ணப்பம் போதும்.

இந்த முறை படிவத்தில் நான் கை வைக்கவில்லை. அந்தப் பெண்ணையே வரச்சொல்லி, திண்ணையில் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். நன்றாகவே எழுதினாள். முடித்ததும், பழைய பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு, கீழே இன்னொரு வரி சேர்க்கலாமா சார் என்று கேட்டாள். பிடித்தம் செய்த 407 ரூபாய் 10 காசு எந்த விதியின் கீழ் எடுக்கப்பட்டது என்று தமிழில் விளக்கம் தர வேண்டும் என்பது அந்த வரி. திங்கட்கிழமை இருவரும் கிளைக்குப் போகிறார்கள். துணைக்கு நானும் போகிறேன்.