'இஸ்' என்னும் சிறு சொல்

தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் வில்லாபுரம், அவனியாபுரம் பக்கத்துப் பிள்ளைகளின் ஆங்கிலத் தாள்களில் ஒரு பிழை தவறாமல் வரும். 'மை ஃபாதர் வீவர்'. 'இஸ்' இல்லை, 'ஏ' இல்லை. ஆங்கிலத்துறை நண்பர்கள் இதைப் பார்த்து, அடிப்படையே தெரியவில்லை என்பார்கள். அடிப்படை தெரிந்ததால் வந்த பிழை என்பேன் நான். 'என் அப்பா நெசவாளி' என்பது குறைவற்ற தமிழ் வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பெயர்ப் பயனிலை இருக்கிறது, வினைக்கு அங்கே வேலையில்லை. எழுவாய் ஏற்கும் பயனிலைகளை ஆறாக வகுத்த தொல்காப்பியர், வினையோடு பெயரையும் பண்பையும் வினாவையும் சேர்த்தே சொன்னார். ஆங்கிலமோ முற்றுவினை இல்லாமல் வாக்கியத்தை முடிக்க விடாது. இந்த ஒரு வேறுபாட்டை நாம் மாணவனிடம் சொல்வதே இல்லை.

எட்டுச் சொல்வகைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அந்த எட்டு, ஆங்கிலத்துக்கென்று அளவெடுத்துத் தைத்ததன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான டயோனிசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் இலக்கணம் கிரேக்கத்துக்கு எண்ணிய கணக்கு அது. இலத்தீனில் 'ஆர்ட்டிகிள்' கிடையாது. அதைக் கழித்து, வியப்புச் சொல்லைச் சேர்த்து, எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலப் பாடநூல்கள் அந்த வழியே வந்தவை. விளைவு, நம் பிள்ளைகள் மிகவும் தடுமாறும் 'ஏ', 'தி' இரண்டுக்கும் எட்டில் தனி இடமில்லை, பெயரடையோடு ஒட்டவைத்திருக்கிறார்கள்!

சொல்வரிசையைப் பாருங்கள். 'காளை வீரனை வீழ்த்தியது' என்றாலும் 'வீரனைக் காளை வீழ்த்தியது' என்றாலும் விழுந்தவன் வீரன்தான். 'ஐ' உருபு பொருளைக் காக்கிறது. ஆங்கிலத்தில் இரு பெயர்களையும் இடம் மாற்றினால் காளை விழுந்துவிடும் (அவனியாபுரத்தில் பரிசுகூடக் கொடுத்துவிடுவார்கள்). உருபின் வேலையை அங்கே இடம் செய்கிறது. 'ஹீ', 'ஹிம்' போன்ற சில சொற்களில் மட்டும் பழைய வேற்றுமையின் எச்சம் ஒட்டியிருக்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்வதற்கு, அங்கே பசித்தவன் எழுவாயாக முன்னே வந்து நிற்க வேண்டும். மழை பெய்வதற்குக்கூட 'இட்' என்றொரு பொம்மை எழுவாய் வேண்டும். வேற்றுமை படித்த மாணவனுக்கு இவற்றை விளக்க அதிக நேரம் ஆகாது.

ஆனால் யாரும் விளக்காததால், பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை கல்லூரியில் கடைசி பெஞ்சில் மூன்றாண்டு வாய்திறவாமல் இருந்துவிட்டுப் போகிறது. நேர்முகத் தேர்விலும் அதே மௌனம்.

தமிழைக் கலந்தால் ஆங்கிலம் வராது என்கிறார்கள். கலக்காமல் எத்தனை பேருக்கு வந்தது? பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என இரண்டும் ஒரே வகுப்பறையில்தான் நடக்கின்றன. முதல் பருவத்தில் இரு ஆசிரியர்களும் ஒரே கரும்பலகையின் முன் நிற்கும் நான்கு மணிநேரம் போதும். அதற்கான பாடவேளையைத் தமிழ்த்துறையே விட்டுத்தரலாம்; நாம் கேட்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.