கொடியில் வெயில் யாருக்கு?

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட மூன்று கொடிகள் கட்டியிருக்கிறோம். தெருப்பக்கக் கொடியில் காலையில் விழுகிற வெயில் பொழுது சாயும்வரை நகராது. என் கணவரின் வெள்ளை வேட்டியும் சட்டைகளும் அதில்தான் காயும். கூடவே அவருடைய பனியன், ஜட்டி, மகனுடைய ஜட்டி எல்லாம் கிளிப் மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, கூச்சநாச்சமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். நடுக்கொடி சேலைக்கும் சுடிதாருக்கும் நைட்டிக்கும். மூன்றாவது கொடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். மதியத்துக்கு மேல் தொட்டியின் நிழல் முழுக்க அதன்மேல்தான். வீட்டுப் பெண்கள் மூன்று பேரின் உள்ளாடைகளுக்கும் அதுதான் இடம். அங்கேயும் அவை கண்ணில் படாது. மேலே ஒரு பாவாடையோ துண்டோ போர்த்தியிருக்கும்.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். ரயில் ஏதாவது ஓர் ஊருக்குள் நுழையும்போது ஜன்னல் வழியே மாடிகளைப் பாருங்கள். ஆண்களின் உள்ளாடை எண்ணற்றுத் தொங்கும். பெண்களுடையது ஒன்றுகூடத் தென்படாது. புதிதாக வந்த ஆள், இந்த ஊர்ப் பெண்களுக்கு அந்த வழக்கமே இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடலாம். பின்னலாடைக்குப் பேர்போன திருப்பூரை வைத்திருக்கிற மாநிலம் இது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் பகிரங்கமாகத் தைத்து, அடுக்கி, பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றுகிற துணியைத்தான் வீட்டு மாடியில் துண்டுக்கு அடியில் ஒளிக்கிறோம்.

மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு வீட்டில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. “அண்ணன் ஜட்டி மட்டும் தெருவை வேடிக்கை பாக்கலாம். என்னோடது என்னம்மா பாவம் பண்ணுச்சு?” என்றாள். வற்றல் காயவைக்க வந்த என் மாமியார் படியிலேயே நின்றுவிட்டார். “நாலு பேரு வர்ற போற எடம்த்தா. ஆம்பளப் பிள்ளையும் பொம்பளப் பிள்ளையும் ஒண்ணா?” என்று கேட்டுவிட்டு, கையோடு துண்டை இழுத்துச் சரியாக மூடிவிட்டுத்தான் வற்றல் தட்டைக் கீழே வைத்தார்.

இந்த விஷயத்தில் நான் மகள் கட்சி. அதற்காக நான் பெரிய புரட்சிக்காரி இல்லை. பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள், அவ்வளவுதான். பூஞ்சை பற்றி வகுப்பில் பாடம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதற்கு வசதியாக ஒரு கொடியை ஒதுக்கிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தோலில் வளையம் வளையமாகப் பரவுகிற படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. அதற்கு வேண்டியது கதகதப்பு, ஈரம், காற்றில்லாத மடிப்பு. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்புக்கு அடிப்பக்கம் என்று அது தேடிப்போகும் இடங்களெல்லாம் உள்ளாடை அழுத்திப் பிடிக்கும் இடங்கள். முன்பெல்லாம் ஒரு களிம்பில் ஓடிப்போகும் சின்னத் தொல்லை என்றுதான் இதைச் சொல்வோம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று தோல் மருத்துவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். இதற்கு வழக்கமாகத் தரும் டெர்பினாஃபைன் மாத்திரைக்கு அடங்காத பூஞ்சை வகை ஒன்று இங்கே பரவலாக இருக்கிறது. 2020இல் அதற்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாட்டைச் சேர்த்துவிட்டார்கள், பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளுக்கும் இந்தச் சிக்கலில் பெரிய பங்குண்டு. அரிப்பு உடனே நிற்கும். பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும்.

இந்தத் தொற்றோடு போகிறவர்களுக்கு மருத்துவர்கள் மாத்திரையோடு துணிப் பாடமும் எடுக்கிறார்கள். தொற்று உள்ளவர் துணியைத் தனியாகத் துவையுங்கள், முடிந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், துண்டைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள், வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள், முடிந்தால் இஸ்திரி போடுங்கள் என்கிறார்கள். வெயிலின் சூடும், புற ஊதாக் கதிரும், முழுதாக உலர்வதும் சேர்ந்து செய்யும் வேலையைத் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் நிழல் செய்யாது. பெண்கள் உள்ளாடையில் அடிப்பக்கத் துணி இரட்டை மடிப்பாக இருக்கும், எலாஸ்டிக் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிராவில் பஞ்சு வைத்த கிண்ணம் இருந்தால் அது காய இன்னும் நேரமாகும். இருக்கிற துணிகளிலேயே தாமதமாகக் காய்கிறதைத் தேர்ந்தெடுத்து, நிழலில் போட்டு, அதன்மேல் ஈரப் பாவாடையையும் போர்த்துகிறோம். அரை ஈரத்தோடு எடுத்து உடுத்திக்கொண்டு, “உடம்புச் சூட்டுல காஞ்சிரும்” என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். ஐப்பசி மழையில் இதையே வீட்டுக்குள் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் செய்கிறோம். அந்தத் துணியில் எழும் முடைவாடையை மூக்கு அறியும். ஆனாலும் வாய் திறந்து யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சுங்குடிச் சேலையை நிழலில் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் சாயம் வெளுத்துவிடும். கடைக்காரரே அப்படிச் சொல்லித்தான் கொடுப்பார். மகளின் கறுப்புச் சுடிதாருக்கும் அதே கதிதான். என் கணவரின் சட்டைகளில் பாதி கலர்ச்சட்டை. காலையில் போட்டு மறந்தால் தோள்பட்டை மட்டும் வெளிறிப்போகும். ஆக, நிழல் கேட்கிற துணிக்கெல்லாம் வெயிலைக் கொடுக்கிறோம், வெயில் கேட்கிற துணிக்கு நிழலைக் கொடுக்கிறோம். கொடியை நன்மை தீமை பார்த்து யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிரிப்பது யார் என்று பார்த்தால் இன்னும் சங்கடம். எங்கள் வீட்டில் துணி விவகாரத்தில் ஆண்களின் பங்களிப்பு அழுக்காக்குவதோடு நின்றுவிடும். கணவர் ஈரத்துண்டை நாற்காலி முதுகில்தான் போடுவார். நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஆணி இருக்கிறது. மகன் ஜீன்ஸைத் துவைக்கவே விடமாட்டான், “கலர் போயிரும்மா” என்பான். சாக்ஸைச் சுருட்டிய பந்தாகவே கூடைக்குள் எறிவான். சட்டைப்பையில் காகிதம் இருக்கிறதா, சில்லறை இருக்கிறதா என்று பார்ப்பதும், கழுத்துப்பட்டையில் சோப்புத் தேய்ப்பதும், உதறி விரிப்பதும், மேகம் கறுத்தால் மாடிக்கு ஓடுவதும், மடித்து அவரவர் அலமாரியில் வைப்பதும் பெண்கள் வேலை. மெஷின் வந்தது துவைக்கிற கல்லை மட்டும்தான் ஓய்வெடுக்க வைத்தது. என் மாமியாரைக் கேட்டால் அதுவும் இல்லை. மெஷினிலிருந்து எடுத்ததை வாளித் தண்ணீரில் இன்னொரு தடவை அலசாமல் அவர் கொடிக்கு விடமாட்டார். எங்கள் போர்த் தண்ணீரின் உப்பில் சோப்பு சரியாகப் போகாது என்பது அவர் கட்சி. அதில் உண்மை இருப்பதால் நான் வாய் கொடுப்பதில்லை.

2019இல் மத்தியப் புள்ளியியல் துறை நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்குக் கணக்குச் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். நாட்டின் கொடிகளில் பெரும்பாலானவை பெண்கள் கையில்தான் இருக்கின்றன. எந்தத் துணி எங்கே என்று அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தீர்மானித்துவிட்டு, எல்லோருக்கும் வெயிலைப் பங்கிட்ட பிறகு, மிச்சமிருக்கும் நிழலைத் தங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளும் அவள்தானே.

உள்ளாடையை ஒளிக்க வைக்கும் இந்தக் கூச்சம் வெறும் கூச்சமும் இல்லை. இதன் வேரில் தீட்டு இருக்கிறது. மடி பார்க்கிற வீடுகளில் உத்தரத்தை ஒட்டி உயரத்தில் ஒரு கொடி இருக்கும். கை படாமல் கோலால் துணியை எடுத்துப் போடுவார்கள். அது சுத்தத்தின் உச்சி. அடிமட்டத்தில் இருந்தது பிள்ளைப்பேற்றுத் துணியும் மாதவிலக்குத் துணியும். அவற்றைத் துவைத்துக் கொடுத்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது தெரிந்த கதைதான். தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்கள் கண்ணில் பட்டாலே தீட்டு என்று சொன்ன ஊர்கள் இங்கே இருந்தன. அந்த வாழ்க்கையை இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவல் 1994இல் எழுதிக் காட்டியது. அழுக்கு எடுத்தவர்களின் உடம்பின்மேல் ஏற்றிய அருவருப்பை, இப்போது எடுப்பதற்கு ஆள் இல்லாததால், அவரவர் வீட்டுப் பெண்ணின் துணியின்மேல் இறக்கி வைத்திருக்கிறோம்.

மாதவிலக்குத் துணிக்குத்தான் இதில் ஆக மோசமான இடம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் துணி பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் நாப்கின் பரவிவிட்டது என்றாலும் துணி ஒழிந்துவிடவில்லை. குப்பை குறையட்டும் என்று துணிக்குத் திரும்புகிற படித்த பெண்களும் இருக்கிறார்கள். நன்றாகச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்த துணியால் கெடுதல் இல்லை. மாட்டுக்கொட்டகைக் கூரையிலும் பீரோவுக்குப் பின்னாலும் ஒளித்துக் காயவைத்த துணியால்தான் கெடுதல். கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் எந்திரம் செய்யக் கிளம்பியது, 1998இல் தன் இளம் மனைவி எதையோ மறைத்து எடுத்துப்போனதைப் பார்த்துத்தான். அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ கொடுத்தோம். மறைத்து எடுத்துப்போவதை மட்டும் இன்னும் விடவில்லை.

“பாக்கிறவன் கண்ணு சரியில்லாத ஊர்ல இதெல்லாம் பேச நல்லா இருக்கும்” என்பார்கள். இந்தப் பேச்சை நான் ஒதுக்கமாட்டேன். பெண்கள் விடுதி மாடிகளில் உள்ளாடை திருடுபோவதும், எதிர்மாடியிலிருந்து எவனாவது முறைப்பதும் நடக்கிறவைதான். ஒட்டி ஒட்டி வீடு இருக்கிற சந்தில், பக்கத்து மாடிக்காரர் முன்னால் பாடியைக் காயப்போடச் சொல்லி எந்தப் பெண்ணையும் நான் வற்புறுத்தவும் இல்லை. அதற்கு வழி, துணியின்மேல் துணியைப் போர்த்துவது அல்ல; முன்னால் தொங்கவிடுவது. வெளிக்கொடியில் போர்வையையோ சேலையையோ விரித்துவிட்டு, ஒரு முழம் தள்ளி உள்கொடியில் உள்ளாடைகளைத் தனித்தனியாகக் கிளிப்பில் மாட்டினால், தெருவுக்கு அவை தெரியாது, மேலிருந்து வெயில் வரும், நடுவில் காற்று போகும். எலாஸ்டிக் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் காய்ந்ததும் எடுத்துவிடலாம். மதுரை வெயிலுக்கு அதிக நேரம் பிடிக்காது. விளக்கு வைப்பதற்குள் கொடியைக் காலி செய்ய வேண்டும் என்று என் மாமியார் சொல்வாரே, அதைத் தாராளமாகப் பின்பற்றுங்கள். பொழுது சாய்ந்தபின் இறங்கும் பனி, காய்ந்த துணியை மறுபடி ஈரமாக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது கொடியைக் கழற்றித் தெருப்பக்கக் கொடிக்கு உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறோம். மாமியார் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. தன்னுடையதை மட்டும் சுவரோரம் போட்டுக்கொள்கிறார். ஆனால் அங்கேயும் வெயில் விழுகிறது, மேலே துண்டும் இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பால்கனியில் துணி தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று விதி போடுகிறீர்கள், சரி. அப்படியானால் மொட்டை மாடிக் கதவின் பூட்டை எடுத்துவிட்டு, அங்கே கொடி கட்டிக் கொடுங்கள். பெண்களுக்கென்று மறைப்போடு ஒரு பகுதியும் விடுங்கள். விடுதி நடத்துகிறவர்களும் இதைச் செய்ய வேண்டும். வீட்டிலிருக்கும் ஆண்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்: வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போங்கள், எல்லாத் துணியையும் நீங்களே காயப்போடுங்கள், மனைவியுடையதையும் சேர்த்து, வெயில் விழுகிற கொடியில்.