முள் காட்டுவது எந்த வேகம்?

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவோர் இன்று உலகெங்கும் உள்ளனர். பெற்றோல் தாங்கிக்கு அசல் வர்ணம் வேண்டும் என்று மாதக்கணக்கில் அலைகிறார்கள். வேகமானியின் மங்கிய முகப்பில் எண்களைப் புதிதாக எழுதுவிக்கிறார்கள். அந்த எண்கள் உண்மையைச் சொல்கின்றனவா என்று கேட்போர் மட்டும் மிகச் சிலர். சங்கிலியை ஓட்டும் ஸ்புரொக்கெட்டை, அதாவது பற்சில்லை, மாற்றியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

பற்சில்லை மாற்றுவதில் தவறேதும் இல்லை. 1950களில் பிரித்தானியாவில் சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒரு குடும்ப வாகனம். அந்தப் பாரத்தை இழுப்பதற்காகக் கியர்பொக்ஸில் பற்கள் குறைந்த சில்லைப் பூட்டுவது வழமை. இன்று அதே வண்டியை வாங்குபவர் சைட்காரைக் கழற்றிவிட்டு, நெடுவீதியில் இயந்திரம் ஆறுதலாகச் சுழலட்டும் என்று ஒன்றிரண்டு பற்களைக் கூட்டுகிறார். அது நியாயமானதே. ஆனால் வேகமானிக்கு அந்த மாற்றம் தெரியுமா?

அது வேகமானி எங்கிருந்து ஓட்டம் பெறுகிறது என்பதைப் பொறுத்தது. நம் நாட்டு வீதிகளுக்குப் பழக்கமான ஹொண்டா சி 50, சி 90 போன்றவற்றில் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. எத்தனை பற்களை மாற்றினாலும் முள் பிசகாது. ட்ரயம்ப் நிறுவனம் 1963இல் புதிதாக அமைத்த 650 சிசி வண்டியில் அது பின்சக்கரத்திலிருந்து வந்தது. அங்கும் கவலை இல்லை. அதற்கு முந்திய ட்ரயம்ப் வண்டிகள் பலவற்றிலோ கேபிள் கியர்பொக்ஸிலிருந்தே புறப்படுகிறது. அதாவது சங்கிலிக்கு முன்னதாக. சக்கரம் எவ்வளவு சுழல்கிறது என்பதை அந்த வேகமானி அறியாது. தொழிற்சாலை பூட்டிய பற்கள் என்றும் மாறா என்ற நம்பிக்கையிலேயே அதன் முகப்பில் எண்கள் எழுதப்பட்டன.

கணக்கு எளிது. 18 பற்களுக்கு இசைவாக அமைந்த வேகமானி அப்படியே இருக்க, 20 பற்கள் கொண்ட சில்லைப் பூட்டினால், கியர்பொக்ஸின் அதே சுழற்சிக்குச் சக்கரம் 11 சதவீதம் கூடுதலாகச் சுழலும். முள் 60 மைல் என்று காட்டும்போது வண்டி ஏறத்தாழ 67 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பின்சில்லில் பற்களைக் குறைத்தாலும் விளைவு இதே திசையில்தான். இயந்திரத்துக்கும் கிளச்சுக்கும் இடையிலுள்ள சில்லை மாற்றினால் மட்டும் பிழை நேராது. அது கேபிள் புறப்படும் இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வேகம் 11 சதவீதம் கூடினால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் 23 சதவீதம் கூடும்; அது வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. அந்நாளைய டிரம் பிரேக்குகளை நம்பி ஓடும் வண்டிக்கு இது சிறிய விடயமன்று. தூரமானியும் உடன்சேர்ந்து பொய் சொல்லும். அது 9,000 மைல் என்று காட்டும் வண்டி உண்மையில் 10,000 மைல் ஓடியிருக்கும். நாளை அதை வாங்குபவருக்கு யார் பதில் சொல்வது?

“முள்ளை யார் பார்க்கிறார்கள்? இயந்திரத்தின் சத்தமே எனக்கு வேகத்தைச் சொல்லும்” என்பர் அனுபவசாலிகள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. முன்பு மேல் கியரில் முள் 60இல் நின்றபோது கேட்ட அதே சத்தம்தான் பற்களை மாற்றிய பின்னரும் 60இல் கேட்கும். சத்தமும் முள்ளும் சங்கிலிக்கு முன்னாலிருந்தே வருவதால் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்கின்றன. செய்தித்துறையில் நெடுங்காலம் இருந்தவனுக்கு இது புதிதன்று. ஒரே வாயிலிருந்து வந்ததை இரண்டு நிருபர்கள் எழுதினால் அது இரண்டு ஆதாரமாகாது.

சங்கிலியே இல்லாத பீ.எம்.டபிள்யூ. வண்டிகளைப் பாருங்கள். அவற்றிலும் கேபிள் கியர்பொக்ஸிலிருந்தே வந்தது. ஆகவே பின்புறப் பல்விகிதம் மாறும்போதெல்லாம் அதற்கேற்ற வேறு வேகமானியை நிறுவனம் பூட்டியது. முகப்பிலேயே டபிள்யூ என்ற எழுத்துடன் அதற்குரிய எண்ணையும் பொறித்தது. மாற்றியவரே கணக்கையும் திருத்த வேண்டும் என்பதே அதன் பொருள். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதியும், வேகமானி சற்றுக் கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்திலும் குறைத்துக் காட்டலாகாது என்கிறது. அது பழைய வண்டிகளுக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும் அதன் நியாயம் அவற்றுக்கும் பொருந்தும்.

சோதிப்பதற்கு அளவுநாடா ஒன்றும் துணைக்கு ஒருவரும் போதும். அந்நாளைய ஸ்மித்ஸ் வேகமானிகள் பல, ஒரு மைலுக்கு 1600 கேபிள் சுற்றுகள் என்ற கணக்கில் அமைந்தவை. ஒரு மைல் 1609 மீற்றர். ஆகவே ஏறத்தாழ மீற்றருக்கு ஒரு சுற்று. வேகமானியின் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் நுனியில் அடையாளமிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து வண்டியை 30 மீற்றர் தள்ளுங்கள். கம்பி 30 சுற்றுகள் சுற்றினால் நல்லது. 27 சுற்றுகளே சுற்றினால், மேலே சொன்ன பிழை உங்கள் வண்டியில் இருக்கிறது.

திருத்தவும் வழிகள் உண்டு. கேபிளின் இடையே பூட்டும் சிறிய விகிதப் பெட்டி கிடைக்கிறது. பழைய வேகமானிகளைப் பழுதுபார்ப்போர் புதிய விகிதத்துக்கு இசையவும் அமைத்துத் தருவர். வர்ணத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். அதுவும் இயலாதென்றால், உண்மை வேகத்தைக் கணக்கிட்டு ஒரு துண்டில் எழுதி முகப்பின் அருகில் ஒட்டிவிடுங்கள். அழகு சற்றுக் குறையலாம்.

முள் அசையாத வேகமானியை எவரும் நம்புவதில்லை. ஓட்டுபவர் தாமாகவே எச்சரிக்கையாகிவிடுவார். சீராக அசைந்தபடி பிழையாகக் காட்டும் வேகமானியே உயிருக்கு ஆபத்தானது.