சமரசம் பேச வெறுங்கையோடு போகலாமா?

சென்ற மாதம் ஒரு சகோதரி நம் சங்க அலுவலகத்துக்கு நாலு தாள்களுடன் வந்தார். குடும்ப நீதிமன்ற வழக்கில் அவரும் கணவரும் கையொப்பமிட்ட சமரச நிபந்தனைகள் அவை. முழுவதும் ஆங்கிலம். அவருக்கோ தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். "மாசாமாசம் பணம் வரும்னு சொன்னாங்க அண்ணாச்சி" என்றார். படித்துப் பார்த்தோம். ஒரு தொகையை ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு, இனி எக்காலத்திலும் ஜீவனாம்சம் கோரமாட்டேன் என்று எழுதியிருந்தது.

பரஸ்பர சம்மத விவாகரத்தில், இறுதி ஆணைக்கு முன் ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தச் சகோதரிக்கு ஆணை இன்னும் ஆகவில்லை; பணமும் கைமாறவில்லை. எனவே வழி இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படி நேரம் வாய்க்குமா?

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயல்வதை நீதிபதியின் கடமையாக்குகிறது. 13ஆம் பிரிவின்படி வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகாது. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். ஆகவே நீதிபதி உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" அந்தக் கேள்விக்கு அழுகையைப் பதிலாகக் கொண்டு போகிறவர்கள்தாம் நம்மில் அதிகம். அழுவது தவறன்று; அதோடு ஒரு கணக்கும் வேண்டும்.

வாடகை, ரேஷன், காஸ், பிள்ளையின் பள்ளிச் செலவு, மருந்து என மூன்று மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். கணவரின் வருமானம் பற்றிக் கிடைக்கும் காகிதங்களைச் சேருங்கள். நான் ரயில்வே குமாஸ்தா; சம்பளச் சீட்டின் சூட்சுமம் எனக்குத் தெரியும். சொசைட்டிக் கடன், சேமநிதிக்குத் தாமாகக் கூட்டிக் கட்டும் தொகை எல்லாம் போக "கையில் இவ்வளவுதான்" என்பார்கள். கடைசி வரியைப் பார்க்காதீர்கள், மொத்தச் சம்பளத்தைப் பாருங்கள். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தரவேண்டும் என 2020இல் உச்ச நீதிமன்றம் விதித்துள்ளது. அதைப் பாராமல் தொகை பேசாதீர்கள்.

ஊரில் நடந்த கல்யாணத்துக்கு நெல்லைக்குப் போய்த்தான் வழக்காட வேண்டும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். 2003இல் இந்து திருமணச் சட்டம் திருத்தப்பட்ட பின், மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். கல்யாணப் பத்திரிகை, புகைப்படம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஊரிலிருந்து முன்கூட்டியே வரவழையுங்கள்.

அடி உதை இருந்திருந்தால் மறைக்காதீர்கள். தனி அறையில் விசாரிக்க ஒரு தரப்பு விரும்பினாலே போதும், நீதிமன்றம் அப்படியே நடத்தவேண்டும். மொழி புரியாவிட்டால், "புரியவில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று எழுந்து சொல்லுங்கள். தலையாட்டுவது சம்மதமாகப் பதிவாகிவிடும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று எந்தப் பெண்ணும் பின்வாங்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. தொலைபேசி எண் 15100.

"குடும்ப விவகாரத்தில் சங்கத்துக்கு என்ன வேலை? ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கட்டுமே" என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். அந்தப் பெரியவர்கள் கூடிய பல கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பெண் வாசலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே அவள் நகைக்கு விலை பேசுவோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. கூலி உயர்வு ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திடுவோமா? அப்படியிருக்க, நம் வீட்டுப் பெண்ணை மட்டும் வாசிக்காமல் கையெழுத்திடச் சொல்வது என்ன நியாயம்?

ஞாயிறுதோறும் மாலையில், நீதிமன்றக் காகிதங்களைத் தமிழில் வாசித்துச் சொல்ல அலுவலகத்தில் ஆள் இருப்பார். ஆண்களும் வரலாம். தேதிக்கு முதல் நாள் இரவு ஓடி வராமல், இரண்டு வாரம் முன்பே காகிதங்களோடு வாருங்கள்.