கூலிக்கு எடுத்த படமும் ஓடைக்கரையில் எடுத்த படமும்

மாதச் சம்பளம் இல்லாமல், ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபராகவே நாற்பது வருடம் பிழைத்தவன் நான். கல்யாணம், காலண்டர், கம்பெனி ஆண்டறிக்கை என்று எது வந்தாலும் எடுத்தேன். வேலையில்லாத நாட்களில் தூண்டிலோடு நீலகிரிக்குப் போய்விடுவேன். பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்று உறவில் பேசாதவர் இல்லை. என் கட்சி வேறு.

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். வெயிலில் நின்று எடுத்தவனுக்குக் கூலியோடு சரி.

அவலாஞ்சி ஓடைகளில் அப்படியில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் அங்கே உண்டு. அதற்குப் புழு கோர்ப்பதில்லை. முள்ளில் இறகையும் நூலையும் பூச்சி மாதிரிக் கட்டி, நீர்மேல் மெல்ல விழும்படி வீச வேண்டும். காலையிலும் மாலையிலும்தான் நன்றாகக் கடிக்கும். படத்துக்கு நல்ல வெளிச்சமும் அப்போதுதான். 36 படம் கொண்ட ஒரு சுருளில் இரண்டு தேறும். அந்த இரண்டும் என்னுடையவை. இன்று யாராவது கேட்டால் கொடுக்கவும் மறுக்கவும் எனக்கு உரிமை உண்டு.

உங்கள் பேரனோ பேத்தியோ இந்தத் தொழிலுக்கு வந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். உரிமை யாருக்கு என்று முதலிலேயே எழுதி வாங்கட்டும். மாதத்தில் நாலு நாளாவது யாரும் கூப்பிடாத இடத்துக்குக் கேமராவோடு போகட்டும். வயதான காலத்தில் கையில் நிற்பது அந்தப் படங்கள்தான்.