கிறிஸ்துமசுக்கு என்ன காணிக்கை?

டிசம்பர் மாதம் வந்தாலே கிறிஸ்தவர் வீடுகளில் வேலை மும்முரம்தான். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். பிள்ளைகள் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குடில் கட்டுவார்கள். அடுப்பில் முறுக்கு வேகும். தையல்காரர் கடைக்கு நாலு நடை நடந்தாக வேண்டும். கோவிலில் போடும் காணிக்கைக்கும் பணம் எடுத்து வைப்பார்கள்.

எல்லாம் நல்லதுதான். பண்டிகை என்றால் மகிழ்ச்சி வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி. பிறந்த நாள் யாருக்கு? ஏசுநாதருக்கு. புதுத்துணி யாருக்கு? நமக்கு! பலகாரம் யாருக்கு? அதுவும் நமக்கு! பிறந்த நாள் கொண்டாடுகிறவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

இடையர்கள் கொடுத்தது என்ன?

குழந்தை ஏசுவைக் காண ஞானிகள் வந்தார்கள். பொன் கொடுத்தார்கள். தூபமும் வெள்ளைப்போளமும் கொடுத்தார்கள். மூன்றும் விலை உயர்ந்த பொருள்கள்.

அவர்களுக்கு முன்பே இடையர்கள் வந்தார்கள். இரவில் ஆட்டுக்குக் காவல் இருந்த ஏழைகள். அவர்கள் பொன் கொண்டு வந்ததாகவோ, பொருள் கொண்டு வந்ததாகவோ வேதத்தில் ஒரு சொல்லும் இல்லை. சேதி கேட்டதும் விரைந்து வந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வெறுங்கையைக் கடவுள் தள்ளிவிடவில்லை. முதல் அழைப்பே அவர்களுக்குத்தான் போனது. ஏன்? கையில் இருப்பதைக் கொடுப்பது ஒரு வகை. தானே எழுந்து வந்து நிற்பது மற்றொரு வகை. இடையர்கள் தங்களையே கொண்டு வந்தார்கள். கடவுள் மனிதனிடம் முதலில் கேட்பதும் அதுதான்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

தன்னையே கொடுப்பது எப்படி? அதற்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், 1870-ம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தை டாக்டர். பாட்டனாரும் டாக்டர். இருவரும் மிஷன் ஊழியம் செய்தவர்கள். ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்க்கையில் விருப்பம் இல்லை. சிறு வயதில் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். அமெரிக்காவில் படித்து, அங்கேயே சுகமாக வாழ வேண்டும் என்பதே அவர் ஆசை.

தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று 1890-ஐ ஒட்டிய காலத்தில் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது எண்ணம்.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பிராமண இளைஞர். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்றார். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தையை அழைத்துப் போகலாம் என்றார் ஐடா. பிற ஆண் ஒருவர் பெண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது அந்த நாளில் வழக்கம் இல்லை. இளைஞர் தலை குனிந்து திரும்பிவிட்டார்.

மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் வெறுங்கையோடு போனார்.

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்தது. சாவு மேளம் கேட்டது. விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்!

பெத்லகேமிலும் பிரசவ வேளையில் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. சத்திரத்தில் இடம் இல்லாததால் மாடு தின்னும் தொட்டியில்தான் பிள்ளையைக் கிடத்தினாள். அந்தப் பிள்ளையை வணங்குகிற ஒருத்தி, தன் வாசலுக்கு வந்த மூவரையும் திருப்பி அனுப்பும்படி ஆகிவிட்டது. தவறு அவர் மீது இல்லை. ஆனாலும் அது தன் பொறுப்பு அல்ல என்று ஐடா ஒதுங்கிவிடவில்லை. டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொல்லிவிட்டார்.

பணமும் வந்தது

1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். வேலூரில் வீட்டின் ஒரு சிறு அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். நியூயார்க் நகரச் செல்வர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். அதைக் கொண்டு 1902-ல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது.

1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். இதில் யார் சேரப் போகிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. முதல் ஆண்டே 151 பெண்கள் மனுப் போட்டார்கள்! அந்தப் பள்ளிதான் இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சாதி, மதம் பாராமல் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள்.

ஐடா அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960-ம் ஆண்டு மே 24-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 89.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பணம் வந்தது, கட்டிடமும் வந்தது. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஆள் வந்தார். பணம் பிரசவம் பார்க்காது. அதற்கு ஒரு மனுஷி வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

எல்லோரும் டாக்டர் ஆக முடியுமா? குடும்பத்தை விட்டுவிட்டுப் போக முடியுமா? வேண்டியதில்லை.

நோயாய்க் கிடக்கும் மாமியாருக்கு இரவில் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுக்கிற மருமகள் தன்னைக் கொடுக்கிறாள். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய தம்பி வீட்டுக்கு, வீம்பை விட்டு முதலில் படியேறுகிற அண்ணன் தன்னைக் கொடுக்கிறான். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மனு எழுதிக் கொடுக்கிற பையனும் அப்படியே.

காணிக்கைப் பெட்டியில் பணம் போடுங்கள். அது தேவை. ஆனால் "பணம் போட்டாகிவிட்டது, இனி என்னை விட்டுவிடு" என்று கடவுளிடம் சொல்லாமல் சொல்லிவிடாதீர்கள். பணத்தைக் கொடுத்துத் தன்னைத் தப்பித்துக்கொள்வது சுலபம். நம்முடைய தூக்கம், நேரம், ரோஷம் இவற்றைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

ஒரு நாள் பண்டிகையோடு முடிகிற காரியமும் அல்ல இது. 26-ந் தேதியும் நோயாளி படுக்கையில்தான் இருப்பார். நட்சத்திரத்தைக் கழற்றிய பிறகும் பசி பசிதான்.

நள்ளிரவுப் பூஜைக்குப் போய்விட்டு அசதியோடு படுத்திருப்பீர்கள். அப்போது யாராவது வந்து கதவைத் தட்டலாம். சலித்துக்கொள்ளாமல் எழுந்து போய்த் திறந்து பாருங்கள். கடவுள் கேட்கிற காணிக்கை அங்கேதான் ஆரம்பம் ஆகிறது.